மடிநோயும் பால்மானியும்: கண்டிப் பிரதேசப் பால் உற்பத்தியில் நோயறிதல் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் பொருளாதார வாழ்வு பற்றி எழுதுவோர் கொழுந்துக் கூடையைப் பற்றி எழுதிய அளவுக்குப் பால் வாளியைப் பற்றி எழுதியதில்லை. கண்டி நகரைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதிகளிலே லயங்களுக்கு அண்மையில் தகரக் கூரையிட்ட மாட்டுக் கொட்டில்களைக் காணலாம். மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்பதைப் பொறுத்து வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்துக்குக் காலைப் பாலே கடைக் கணக்கைத் தீர்க்கும் பணமாகும். அப்பாலைக் கெடுக்கும் ஒரு நோயை எவ்வாறு இனங்காண்பது, இனங்காணத் தவறுமிடத்து அதன் பழி யார் தலையில் விழுகின்றது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இலக்கியம் பயின்ற ஒருவருக்கு இதிலே என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். ஒரு நிகழ்ச்சியே இதற்குத் தூண்டுதல். கலஹா வழியிலுள்ள தோட்டமொன்றிலே என் சின்னம்மா ஒரு பசுவை வளர்த்து வந்தார். ஒரு மாசி மாதத்தில், ஒரே கிழமைக்குள் மூன்று தடவை அவருடைய பால் சேகரிப்பு நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது. பாலுக்குள் மிதக்கவிட்ட பால்மானி இருக்கவேண்டிய கோட்டுக்குக் கீழே தாழ்ந்தது. "மாட்டோட சேத்துப் பைப்பையும் கறந்தீங்களா?" என்று கேட்டார் அளப்பவர். வரிசையில் நின்றோர் சிரித்தனர். சின்னம்மா ஒரு சொட்டு நீரும் கலக்கவில்லை. ஆனால் கருவி பொய் சொல்லாது என்ற நம்பிக்கைக்கு முன்னால் அவருடைய சொல் எடுபடவில்லை. கருவி பொய் சொல்லவில்லை என்பதும் உண்மையே. அது சொன்னதை அளந்தவர் பிழையாக வாசித்தார். ஒரு குறியீட்டை அதன் பின்னணியிலிருந்து பிரித்து வாசிப்பதால் நேரும் பிழையை இலக்கிய மாணவர் நன்கறிவர்.

நோயின் இயல்பு

கால்நடை வைத்திய நூல்கள் மடியழற்சி என்று குறிப்பிடுவதையே வழக்கில் மடிநோய், மடிவீக்கம் என்கிறோம். தோட்டப் புறங்களிலே 'கண்பட்டுப் போச்சு' என்று சொல்வதும் உண்டு. நன்றாகக் கறந்த மாடு ஒரே இரவில் பாலை நிறுத்திக்கொள்வதைக் கண்டவர்கள் அதற்கு அயலாரின் கண்ணைக் காரணமாக்கியமை வியப்பன்று. காரணம் கண்ணுக்குத் தெரியாதது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர். அது பற்றீரியா என்பதைப் பிரான்சிய ஆய்வாளர்கள் 1880களிலே எடுத்துக்காட்டினர்.

பசுவின் மடி வெளிப்பார்வைக்கு ஒன்றாயினும், உள்ளே தனித்தனியான நான்கு பாகங்களைக் கொண்டது. ஒரு பாகத்தின் பால் இன்னொன்றுக்குள் செல்வதில்லை. எனவே நோய் ஒரு பாகத்தில் மட்டும் இருக்கலாம். மடிக்குள் நுழைவதற்குக் கிருமிக்கு உள்ள முதன்மையான வழி காம்பின் நுனியிலுள்ள நுண்ணிய துளையாகும். பால் கறந்தபின் அத்துளை இறுக மூடிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். அந்த இடைவேளையில் மாடு சாணமும் சேறும் கலந்த தரையிலே படுத்துவிடின் கிருமி உட்புக வழி பிறக்கின்றது.

நோய்க்கிருமிகளை இரு வகையாகப் பிரிப்பர். முதல் வகை நோயுற்ற மடியிலிருந்து நலமான மடிக்குத் தொற்றுவது. ஸ்ரெப்ரோகொக்கசு அகலக்ரியே, ஸ்ரபைலோகொக்கசு ஓரியசு என்பன இவ்வகையின. கறப்பவரின் கையும் மடி துடைக்கும் துணியுமே இவற்றுக்கு வாகனம். இரண்டாம் வகை சாணத்திலும் ஈரத் தரையிலும் வாழ்வது. ஈ. கோலி இவ்வகைக்கு உதாரணம். இரு பருவப்பெயர்ச்சி மழைகளையும் பெறும் கண்டிப் பிரதேசத்திலே, வடிகாலற்ற கொட்டிலில் இரண்டாம் வகைக்குக் குறைவில்லை.

கண்ணுக்கும் கைக்கும் தெரியும் நோய்

வெளிப்படையான மடிநோயை இனங்காணப் பார்வை, தொடுகை, பாலின் தோற்றம் என்னும் மூன்றும் போதும்.

மாட்டின் பின்னால் நின்று மடியை நோக்க வேண்டும். ஒரு பாகம் மற்றவற்றிலும் பருத்தோ சிவந்தோ இருக்கின்றதா? அல்லது, பழைய நோயால் ஒரு பாகம் சுருங்கிவிட்டதா? அடுத்து நான்கு பாகங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிட வேண்டும். சூடு, வலி, கல்போன்ற இறுக்கம் ஆகியன அழற்சியின் அடையாளங்கள். கறந்தபின் நலமான மடி தளர்ந்து மென்மையாகிவிடும். நோயுற்ற பாகம் தளராது. கறக்கிற மாட்டின் உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வழக்கிலே சொல்வதுண்டு. ஆனால் என்றும் உதைக்காத மாடு திடீரென உதைக்கத் தொடங்கினால் அது முரட்டுத்தனம் அன்று. வலியைத் தெரிவிக்கும் மொழி.

பாலைப் பொறுத்தவரை முதற் பீச்சே முக்கியமானது. ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கருநிறமான ஒரு கிண்ணத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை நிறப் பாத்திரத்திலே தெரியாத திரிகளும் கட்டிகளும் கருமையின் மேல் தெளிவாகத் தெரியும். பால் நீர்த்திருத்தல், மஞ்சள் நிறம் பெறுதல், குருதி கலந்திருத்தல் ஆகியனவும் நோயைக் காட்டுவன. இப்பாலைத் தரையில் பீச்சிவிடக் கூடாது. அது கிருமியை மாட்டின் படுக்கையில் விதைப்பதாகும்.

சில மயக்கங்களையும் இங்கு தெளிவுபடுத்த வேண்டும். கன்று ஈனுவதற்குச் சற்று முன்னும் பின்னும் மடி முழுவதும் நீர் கோத்துப் பருப்பது இயல்பு. அதிலே விரலை அழுத்தினால் பள்ளம் விழும். சூடோ கடும் வலியோ இராது. ஈன்ற சில நாட்களுக்குச் சீம்பால் தடித்து மஞ்சளாக இருப்பதும் இயல்பே. அந்நாட்களிலே சிறிதளவு குருதி தென்படுவதும் எப்பொழுதும் தொற்றின் அடையாளமன்று.

இதற்கு மாறாக, ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மாடு தீனி எடுக்காமல் நிற்றல், காதுகள் குளிர்ந்துபோதல், பால் வெறும் தண்ணீர்போல வருதல், எழமுடியாது படுத்துவிடுதல் ஆகியன கிருமியின் நஞ்சு உடலெங்கும் பரவியதைக் குறிக்கும். பசுவின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ் ஆகும், 39.5ஐத் தாண்டினால் காய்ச்சல் எனக் கொள்ளலாம். ஆனால் நஞ்சேறிய மாட்டிலே வெப்பம் பின்னர் இயல்புக்குக் கீழும் இறங்கும் என்பதால், காய்ச்சல் இல்லையென்று ஆறுதல் கொள்ளலாகாது. மடியின் ஒரு பாகம் குளிர்ந்து நீலம் பாரிப்பின் அங்கு தசை அழுகத் தொடங்கிவிட்டது. இந்நிலைகளிலே கால்நடை வைத்தியரை உடனே அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறைந்திருக்கும் நோய்

மேற்சொன்னவை யாவும் வெளிப்பட்ட நோயின் அடையாளங்கள். ஆனால் மடிநோயின் பெரும்பகுதி வெளிப்படுவதில்லை. மடி வீங்காது, பால் வெண்மையாகவே இருக்கும், மாடு வழமைபோல் தின்னும். கறக்கும் அளவு மட்டும் மெல்லக் குறையும். 'புல்லுப் போதாது', 'கறவை பழசாயிற்று' என்று அதற்குச் சமாதானம் கூறப்படும். தோற்றமும் சாரமும் ஒன்றாகவே இருந்துவிட்டால் அறிவியலுக்குத் தேவையில்லை என்னும் கருத்தை மார்க்ஸ் வலியுறுத்தினார். மறைந்திருக்கும் மடிநோயைப் போல அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

மறைந்த நோயைக் காட்டிக்கொடுப்பவை பாலிலுள்ள உடற்கலங்கள். கிருமி புகுந்ததும் அதனை எதிர்க்க வெண்குருதிக் கலங்கள் மடிக்குள் திரளும். நலமான மடியின் பாலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100,000 கலங்களுக்குக் குறைவாகவே இருக்கும். 200,000ஐத் தாண்டினால் தொற்று இருக்கக்கூடுமென்று கொள்வர். ஐரோப்பிய ஒன்றியம் பாலை ஏற்பதற்கு வகுத்துள்ள எல்லை 400,000.

இக்கலங்களை எண்ண ஆய்வுகூடம் வேண்டும். ஆயினும் அவை மிகுந்துள்ளனவா என்பதை அறிய ஒரு தட்டும் ஒரு திரவமும் போதும். 1957இல் கலிபோர்னியாவிலே ஷாம், நூர்லண்டர் ஆகிய இருவர் வெளியிட்ட சோதனை முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. நான்கு கிண்ணங்கள் கொண்ட தட்டிலே நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே எடுத்து, அதேயளவு சோதனைத் திரவம் சேர்த்து, பத்து வினாடி வரை சுழற்ற வேண்டும். திரவத்திலுள்ள சவர்க்காரத் தன்மையான பொருள் கலங்களை உடைத்து அவற்றின் மரபுப்பொருளோடு சேர்ந்து பசையாகும். பால் தளதளவென்று ஓடினால் நோயில்லை. வழுவழுப்பாக இழுபட்டால் ஐயத்துக்குரியது. கூழாகத் திரண்டு நடுவில் குவிந்தால் அப்பாகம் நோயுற்றது. ஈன்ற முதற் சில நாட்களிலும் பால் வற்றும் தறுவாயிலும் இச்சோதனை நலமான மடியையும் நோயுற்றதாகக் காட்டக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அத்திரவத்தை வாங்க இயலாதோருக்கும் வழியுண்டு. பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் வீட்டுச் சலவைத்தூளைக் கொண்டே இச்சோதனையைச் செய்யலாமென்று காட்டினர். அரை லீற்றர் நீரில் 15 கிராம் தூளைக் கரைத்தால் நூற்றுக்கு 3 வீதக் கரைசல் கிடைக்கும். பாலோடு சம அளவில் சேர்த்துச் சுழற்றினால் நோயுற்ற பால் கட்டிப்படும். சோதித்த பாலைக் கன்றுக்கும் ஊட்டாது கொட்டிவிட வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பவற்றை அறிவதற்குப் பால் மாதிரியை ஆய்வுகூடத்தில் வளர்த்தே பார்க்க வேண்டும். நாட்டின் கால்நடை வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையிலும், மிருக வைத்திய பீடம் பேராதனையிலும் உள்ளன. கொழுந்து மலைகளிலிருந்து பார்த்தால் இரண்டும் கண்ணுக்கெட்டிய தொலைவுதான். ஆனால் அங்கு ஒரு மாதிரியைக் கொண்டுசெல்ல ஒரு நாட்பேரை இழக்க வேண்டும்.

பால்மானி சொல்வதும் சொல்லாததும்

இனிச் சின்னம்மாவின் பாலுக்குத் திரும்பலாம். இலங்கையிலே பாலின் விலை கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மங்களையும் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. பால்மானி பாலின் அடர்த்தியை அளக்கின்றது. பசும்பாலின் தன்னீர்ப்பு பொதுவாக 1.028க்கும் 1.032க்கும் இடைப்பட்டது. நீர் கலந்தால் அது குறையும். எனவே குறைந்த எண்ணைக் கண்டதும் நீர் கலந்ததாக முடிவுகட்டப்படுகின்றது.

ஆனால் அடர்த்தி குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மடி நோயுற்றால் பால்வெல்லத்தைச் சுரக்கும் கலங்கள் பழுதடைகின்றன; பாலின் வெல்லமும் கேசீன் புரதமும் குறைகின்றன. குருதியிலிருந்து உப்புக்கள் பாலுக்குள் கசிகின்றன. பால் உப்புக் கரிக்கின்றது என்று முதியவர்கள் சொல்வது இதனையே. நோயின் கடுமைக்கேற்பத் திண்மங்களின் அளவு இறங்கும். மாட்டுக்குப் போதிய தீவனம் கிடைக்காவிடினும் அவை இறங்கும். தை முடிந்து மழை ஓய்ந்த நாட்களிலே, காய்ந்த மானாப் புல்லையும் முற்றிய கவுதமாலாப் புல்லையும் மட்டும் தின்னும் பசுவிடம் நிறைந்த திண்மங்களை எதிர்பார்க்க முடியாது. கலந்த நீர், நோயுற்ற மடி, போதாத தீவனம் ஆகிய மூன்றும் பால்மானியை ஒரே திசையிலேயே இறக்குகின்றன. அம்மூன்றுள் ஒன்று மட்டுமே குற்றம். ஏனைய இரண்டும் வறுமையின் விளைவுகள். அளக்கும் இடத்திலோ குற்றமே முதலில் நினைவுக்கு வருகின்றது.

இவற்றைப் பிரித்தறியும் வழி அறிவியலில் இல்லாமலில்லை. பால்வெல்லம் குறையும்போது உப்பு மிகுந்து அதனை ஈடுசெய்வதால் நோயுற்ற பாலின் உறைநிலை பெரிதும் மாறுவதில்லை. அது பூச்சியத்துக்குக் கீழ் அரைப் பாகையை ஒட்டியே நிற்கும். நீர் கலந்த பாலின் உறைநிலையோ பூச்சியத்தை நோக்கி நகரும். எனவே உறைநிலையை அளந்தால் நீரையும் நோயையும் வேறுபடுத்தலாம். ஆனால் அதற்கான கருவி பெரிய ஆய்வுகூடத்தில் இருக்கும். பால்மானி தெருவோரச் சேகரிப்பு நிலையத்தில் இருக்கும். உற்பத்தியாளரைச் சந்தேகிக்கும் கருவி அவருக்கு அருகிலும், அவரைக் காப்பாற்றும் கருவி தொலைவிலும் இருப்பது தற்செயலானதென்று கொள்ள முடியவில்லை.

பத்துப்பாட்டிலே பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள் மோர் விற்றுத் தன் சுற்றத்தை ஊட்டுகின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏலாது எருமையும் பசுவும் பெறுகின்றாள். அப்பாடல் வாழ்வை அழகுபடுத்தியிருக்கலாம். எனினும் தன் பொருளின் மதிப்பைப் பேசும் உரிமை அவளிடம் இருந்ததென்பது அதிலே தெளிவு. இன்றைய பால் உற்பத்தியாளரின் மதிப்பை வாங்குபவரின் கருவி பேசுகின்றது.

கறப்பவரின் நேரம்

நோயறிதல் இத்துணை எளிதாயின் ஏன் நடைபெறுவதில்லை? அறியாமை என்று விடை கூறுவது வழக்கம். தோட்டத்துக் காலைப்பொழுதை அருகிருந்து பார்த்தால் அவ்விடையின் போதாமை புலனாகும். கொழுந்தெடுக்கும் பெண் இருள் பிரியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைத் தயார்ப்படுத்தி, பெரட்டுக்குப் போகுமுன் பால் கறக்க வேண்டும். கொட்டிலில் விளக்கில்லை, இருளிலே கருங்கிண்ணமும் பயனற்றது. நீர்க்குழாய் பல வீடுகளுக்குப் பொதுவானது. ஒவ்வொரு காம்பாகக் கழுவி, துடைத்து, முதற் பீச்சைச் சோதிக்க ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் அவரிடம் இல்லை. கொட்டில் நிற்கும் நிலமும் அவருடையதன்று. உறுதியான தரையும் வடிகாலும் அமைக்க அவர் எந்த நம்பிக்கையில் பணம் போடுவார்?

இதனைத் தனியார் உடைமையின் கேடு என்று மட்டும் சொல்லி நாம் விலகிவிடவும் முடியாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு காலத்திலும் லயம் லயமாகவே இருந்தது. அன்றியும் கிருமி உற்பத்தி உறவுகளைக் கேட்டுப் புகுவதில்லை. ஆனால் அது புகுவதற்கான ஈரத்தரையும், இருளும், நேரமின்மையும் அவ்வுறவுகளின் விளைவுகளே. மூலதனத்தைச் சாடுவதால் மடியின் வீக்கம் இறங்காது. கை கழுவச் சொல்வதால் மட்டும் கொட்டிலுக்கு நீர்க்குழாயும் வந்துவிடாது. இரண்டையும் இணைத்தே நோக்க வேண்டும்.

நாட்டுக்கும் இதிலே பங்குண்டு. 1977இன் பின்னர்த் திறந்த சந்தையிலே இறக்குமதிப் பால்மா முதன்மை பெற்றது. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி வற்றியபோது 400 கிராம் பால்மாப் பைக்கற்றின் விலை ஒரே முறையில் 250 ரூபாவால் கூடி 790 ரூபாவாயிற்று. அந்நாட்களிலே உள்ளூர்ப் பாலின் அருமையை எல்லோரும் பேசினர். மறைந்த மடிநோயால் நாள்தோறும் சுரக்காமலே போகும் பாலைப் பற்றி மிகச் சிலரே பேசினர்.

செய்யக்கூடியவை

இங்கிலாந்திலே 1960களில் உருவான மடிநோய்த் தடுப்புத் திட்டத்தின் சாரம் சிறு கொட்டிலுக்கும் பொருந்தும். கறந்தவுடன் காம்புகளை அயடீன் கரைசலில் தோய்த்தல், நோயுற்ற மாட்டை இறுதியில் கறத்தல், ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்துணி வைத்தல், பால் வற்றும் காலத்தில் வைத்தியரின் ஆலோசனையுடன் மருந்திடல் ஆகியன அவற்றுட் சில. கறந்தபின் புல்லோ புண்ணாக்கோ வைத்தால் மாடு நின்று தின்னும். காம்புத்துளை மூட அவகாசம் கிடைக்கும். மருந்தேற்றிய மாட்டின் பாலை மருந்துறையிற் குறித்த காலம் முடியும்வரை விற்கக் கூடாது. அப்பால் தயிராக உறைவதும் கடினம். பருகுவோரிடையே மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் அது வழிசெய்யும். அந்த நாட்களின் வருமான இழப்பைத் தனிக்குடும்பம் மட்டும் சுமக்க வேண்டுமென்பது நியாயமாகாது. கூட்டுறவு முறையிலான ஈட்டுநிதி இதற்கு ஏற்றது.

சேகரிப்பு நிலையங்களைப் பொறுத்து மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். பால்மானிக்கு அருகே நான்கு கிண்ணத் தட்டும் இருக்க வேண்டும். நீர் கலந்ததாகக் குற்றஞ்சாட்டுமுன் உறைநிலைச் சோதனை நடைபெற வேண்டும். பாலைத் திருப்பும்போது அதற்கான காரணம் உற்பத்தியாளரின் மொழியில் எழுதித் தரப்பட வேண்டும்.

சின்னம்மாவின் பசுவைப் பின்னர் சோதித்தவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த ஒரு மிருக வைத்திய மாணவர். முன்னிரு கிண்ணங்களிலும் பால் ஓடியது. பின்னிரு கிண்ணங்களிலும் கூழாகத் திரண்டது. சின்னம்மா தட்டைக் கையில் வாங்கி, தாமும் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். "இத அன்னைக்கு அந்த வரிசையில வச்சுக் காட்டியிருந்தா என்னவாம்?" என்றார். மருந்திட்டும் ஒரு பாகம் மீளவில்லை. மூன்று காம்பின் பாலை அவர் தொடர்ந்து அதே நிலையத்துக்கே கொண்டு சென்றார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அத்தட்டை யாரும் காட்டவில்லை.